அப்பீல் நடுவில் மனித உரிமை வாதத்தைச் சேர்க்க விடுவார்களா? கவுன்சில் வீடு, இங்கிலாந்து

நைட்ஷிப்ட்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996இல் அப்பா அம்மா இருவர் பெயரிலும் லண்டனில் கவுன்சில் வீடு (உள்ளூராட்சி மன்றம் வாடகைக்குக் கொடுக்கும் வீடு) கிடைத்தது, மூன்று அறை. எனக்கு அப்போது 12 வயது. அப்பா 2009இல் போய்விட்டார், வீடு அம்மாவின் பெயரில் தொடர்ந்தது. நான் கல்யாணம் கட்டி வெளியே போய், அது சரிவராமல் 2013இல் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு அம்மாவோடுதான். கடைசி ஆறு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், அதற்காகவே கிடங்கில் இரவு வேலைக்கு மாறினேன். போன வருடம் தை மாதம் அம்மாவும் போய்விட்டா.

அந்தியேட்டி முடிந்த கையோடு கவுன்சிலில் இருந்து கடிதம். முதல் பத்தியில் அனுதாபம், இரண்டாவது பத்தியில் உங்களுக்கு இந்த வீட்டில் உரிமை இல்லை. அப்பா இறந்தபோது அம்மாவுக்குப் போனதே ஒரு வாரிசு மாற்றமாம், சட்டப்படி ஒரு தடவைதானாம். அடுத்த மாதத்தில் இருந்து பில்லில் ‘வாடகை’ என்ற சொல்லே இல்லை, ‘பயன்படுத்தியதற்கான கட்டணம்’ என்று வந்தது. தொகை மட்டும் அதே தொகை.

கோர்ட்டில் காலை 10 மணிக்கு வரச் சொன்னார்கள், 11.40க்குக் கூப்பிட்டார்கள், ஆறே நிமிடம். பொசெஷன் ஆர்டர், அதாவது வீட்டைக் காலிசெய்து கொடுக்கச் சொல்லும் உத்தரவு. நானே நூலகத்தில் உட்கார்ந்து என்161 படிவம் நிரப்பி, 21 நாளுக்குள் அப்பீல் போட்டேன். நான் எழுதிய காரணம் ஒன்றே ஒன்றுதான்: நோட்டீசைச் சரியான ஆளுக்குக் கொடுக்கவில்லை, இறந்தவரின் உயில் இல்லாதபோது பப்ளிக் டிரஸ்டி என்ற அரசு அதிகாரிக்கு நகல் போயிருக்க வேண்டும் என்பது. இப்போது லீகல் எய்டில் (அரசுச் செலவில்) ஒரு சொலிசிட்டர் கிடைத்திருக்கிறா. ஃபைலைப் பார்த்ததுமே கேட்டது, ‘மனித உரிமை, ஆர்ட்டிகிள் 8, ஏன் யாரும் சொல்லவில்லை?’ எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதைச் சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறா. கவுன்சிலின் வக்கீல் உடனே பதில் போட்டுவிட்டார்: கீழ்க் கோர்ட்டில் சொல்லாத புது வாதம், இப்போது எடுக்க விடக்கூடாது.

ஹியரிங்குக்கு 19 நாள்தான் இருக்கிறது. வார இறுதியில் மகள் வந்து நிற்பதும் இந்த வீட்டில்தான். இப்படிக் கடைசியில் சேர்த்து வென்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

டூட்டிங்காரன் எழுதியது:

தம்பி, அம்மாவின் ஆத்மா சாந்தியடையட்டும். ஆனால் ஐரோப்பிய மனித உரிமை எல்லாம் பிரெக்சிட்டோடு போய்விட்டதே? அதை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கோர்ட்வாசல் எழுதியது:

டூட்டிங் அண்ணா, அது வேறு இது வேறு. மனித உரிமை உடன்படிக்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் சொத்து இல்லை, ஐரோப்பிய கவுன்சில் என்ற தனி அமைப்பினுடையது. பிரிட்டன் இன்னும் அதில் உறுப்பு நாடு. 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டமும் அப்படியே இருக்கிறது.

நைட்ஷிப்ட் தம்பி, நான் 14 வருடம் வீட்டுப் பிரச்சினை ஆலோசனை மேசையில் இருந்தவள், சொலிசிட்டர் இல்லை. உங்கள் சொலிசிட்டர் சொல்வதுதான் கடைசிச் சொல். ஆனால் ஏன் இது கஷ்டம், எங்கே சந்து இருக்கிறது என்று சொல்ல முடியும்.

முதலில் வாதத்தின் பலத்தைப் பார்ப்போம். ஆர்ட்டிகிள் 8 என்றால் வீட்டுக்கும் குடும்ப வாழ்க்கைக்கும் மதிப்புத் தர வேண்டும் என்பது. கவுன்சில் வீட்டைத் திரும்பக் கேட்கும்போது, அப்படி வெளியேற்றுவது அளவுக்கு மீறிய காரியமா என்று நீதிபதி எடைபோடலாம். இந்த உரிமை சும்மா கிடைக்கவில்லை. 2003இலும் 2006இலும் 2008இலும் அப்போது நாட்டின் உச்ச கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் முடியாது, முடியாது என்று நின்றார்கள், ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மக்கான் வழக்கிலும் கே வழக்கிலும் குட்டு வைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 2010 நவம்பரில் மான்செஸ்டர் எதிர் பின்னொக் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து, சரி, எடைபோடலாம் என்றார்கள். ஆனால் அந்த பின்னொக் 30 வருடத்துக்கு மேல் இருந்த வீட்டை இழந்தார். சட்டம் ஜெயித்தது, ஆள் தோற்றார். அடுத்த வருடம் ஹவுன்ஸ்லோ எதிர் பவல் வழக்கில் இன்னும் இறுக்கினார்கள்: வீட்டின் சொந்தக்காரர் என்பதும் வீடுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கடமை உள்ளவர் என்பதுமே போதும், கவுன்சில் ஒவ்வொரு வழக்கிலும் தன் காரணத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கதையைப் போன்ற கதை. தரொக் எதிர் வெஸ்ட், 2012, அப்பீல் கோர்ட். தாத்தா பாட்டி இருவர் பெயரிலும் வீடு. தாத்தா இறந்து பாட்டிக்குப் போனது, அதுவே ஒரு வாரிசு மாற்றம். பாட்டியும் இறந்த பிறகு பேரன் தன் துணைவி, குழந்தையோடு அங்கே இருந்தார். கீழ்க் கோர்ட்டில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு, அப்பீலில் அடித்துவிட்டார்கள். வீட்டில் நீண்ட நாள் இருந்ததும் பாசமும் மட்டும் போதாது என்பதுதான் சாரம். ஆகவே உங்கள் வாதம் நேரத்துக்கு வந்திருந்தாலுமே வெல்வது கஷ்டம்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களை ஏமாற்றுவதாகிவிடும்.

அடுத்தது தாமதம். புது வாதத்தை அப்பீலில் எடுக்கலாமா என்பதற்கு 2019இல் சிங் எதிர் தாஸ் வழக்கில் விதியைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அப்பீல் நீதிபதி இதில் எச்சரிக்கையாகத்தான் இருப்பார். அந்த வாதத்துக்குப் புதுச் சாட்சியம் வேண்டும் என்றாலோ, முன்பே சொல்லியிருந்தால் கீழ்க் கோர்ட்டில் சாட்சி விசாரணை வேறு மாதிரிப் போயிருக்கும் என்றாலோ, பொதுவாக விடமாட்டார். வெறும் சட்டக் கேள்வி என்றாலும், எதிர்த் தரப்புக்குப் பதில் சொல்ல நேரம் இருந்திருக்க வேண்டும், அந்த வாதம் இல்லை என்று நம்பி அவர்கள் எதையும் செய்து நட்டப்பட்டிருக்கக் கூடாது, செலவுத் தொகையால் ஈடுகட்ட முடிய வேண்டும்.

இப்போது உங்கள் ஆர்ட்டிகிள் 8 எந்த வகை என்று பாருங்கள். அம்மாவைப் பார்த்தது, டயாலிசிஸ், மகள், உங்கள் உடல்நிலை எல்லாமே உண்மை நிகழ்வுகள். ஜிபி (குடும்ப டாக்டர்) கடிதம் வேண்டும், நீங்கள் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், கவுன்சில் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அப்பீல் என்பது பழைய தீர்ப்பைத் திரும்பிப் பார்ப்பதுதான், புதிதாக விசாரிப்பது இல்லை. புதுச் சாட்சியம் கொண்டுவர 1954ஆம் வருட லாட் எதிர் மார்ஷல் வழக்கின் மூன்று கேள்வியைக் கடக்க வேண்டும், முதல் கேள்வியிலேயே விழுவீர்கள்: அந்த ஜிபி கடிதத்தை அன்றைக்கே வாங்கியிருக்கலாமே?

சட்டமாணவன் எழுதியது:

கோர்ட்வாசல் அக்கா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இரண்டாம் வருடம் படிக்கிறேன். மனித உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவே எந்த வழக்கு நடவடிக்கையிலும் இந்த உரிமையைச் சொல்லித் தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது. அதே பிரிவின் 6ஆம் உட்பிரிவு ‘வழக்கு நடவடிக்கை’ என்பதில் மேல்முறையீடும் அடங்கும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பாராளுமன்றமே அனுமதி கொடுத்த பிறகு, சிங் எதிர் தாஸைக் காட்டி எப்படித் தடுக்க முடியும்? அதோடு 6ஆம் பிரிவுப்படி நீதிமன்றமும் ஒரு பொது அதிகார அமைப்பு. யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நீதிபதி உரிமையை மீறக்கூடாது இல்லையா? அண்ணா சொல்ல மறந்தால் நீதிபதியே யோசித்திருக்க வேண்டும்.

கோர்ட்வாசல் எழுதியது:

தம்பி, பரீட்சையில் இதை எழுதினால் நல்ல மதிப்பெண் வரும். கோர்ட்டில் எழுந்து சொன்னால் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார்.

7ஆம் பிரிவு கதவைக் காட்டுகிறது, கதவு எத்தனை மணிக்குப் பூட்டும் என்பதை நடைமுறை விதிகள் சொல்கின்றன. மேல்முறையீட்டில் இந்த உரிமையைச் சொல்ல முடியும் என்பதும், எப்போது சொன்னாலும் கேட்டே ஆகவேண்டும் என்பதும் ஒன்றல்ல. அப்பீல் நோட்டீசில் இல்லாத காரணத்தைச் சேர்க்க அப்பீல் கோர்ட்டின் அனுமதி வேண்டும், அது எல்லோருக்கும் பொது. 6ஆம் பிரிவு வாதத்துக்கு பின்னொக் தீர்ப்பிலேயே பதில் இருக்கிறது. குடியிருப்பவரோ அவர் சார்பில் யாரோ எழுப்பினால்தான் பொதுவாக நீதிபதி ஆர்ட்டிகிள் 8ஐப் பார்க்க வேண்டும், எழுப்பினாலும் முதலில் சுருக்கமாகப் பார்த்து, தேறாது என்றால் அங்கேயே முடித்துவிடலாம் என்று.

ஆனால் நீங்கள் கிளப்பிய ஒரு விஷயம் முக்கியம். மனித உரிமை வாதம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ‘என் நிலைமையில் என்னை வெளியேற்றுவது அளவுக்கு மீறியது’ என்பது ஒரு வகை, அது உண்மைகளின் மேல் நிற்பது, தாமதமானால் செத்துவிடும். ‘இந்தச் சட்டப் பிரிவையே உரிமைக்கு இணங்கும்படி வேறு மாதிரி வாசிக்க வேண்டும்’ என்பது இன்னொரு வகை. 2004இல் காய்டான் எதிர் கொடின்-மெண்டோசா வழக்கில் வாடகைச் சட்டத்தின் ‘கணவன் அல்லது மனைவி’ என்ற சொற்களுக்குள் ஒரே பாலினத் துணையும் வருவார் என்று வாசித்தார்களே, அந்த மாதிரி. அதற்குச் சாட்சியம் அதிகம் தேவையில்லை, ஒத்துக்கொண்ட உண்மைகளை வைத்தே பேசலாம். அப்படிப்பட்ட வாதம் அப்பீலில் முதல்முறையாக வந்தாலும் நீதிபதி காதுகொடுக்க வாய்ப்பு கூடுதல்.

காத்திருப்புப்பட்டியல் எழுதியது:

யாரும் கோபிக்க வேண்டாம், நான் மற்றப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். நாங்கள் ஐந்து பேர், ஒரு அறை, தற்காலிக வீடு, ஏழாவது வருடம். மூத்தவள் ஜிசிஎஸ்இ பரீட்சைக்குப் படிப்பது பாத்ரூமில், மூடியைப் போட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்து. அண்ணன் அம்மாவைப் பார்த்தது பெரிய விஷயம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று அறை வீட்டில் ஒரு ஆள். அந்த வீடு யாருக்காவது போக வேண்டும்தானே? கவுன்சில் செய்வது அநியாயம் என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது. எங்கள் வீட்டிலும் ஆர்ட்டிகிள் 8 இருக்கிறதா இல்லையா?

நைட்ஷிப்ட்காரன் எழுதியது:

அக்கா, கோபம் இல்லை. எனக்கு மூன்று அறை வேண்டாம், முதல் நாளே ஹவுசிங் ஆபீசரிடம் சொன்னேன், ஒரு அறை வீடு தாருங்கள், சாவியை நாளைக்கே தருகிறேன் என்று. தனி ஆள், முன்னுரிமை இல்லை, தனியாரிடம் வாடகைக்குப் பாருங்கள் என்றார்கள். கிடங்குச் சம்பளத்தில் லண்டனில் தனியாரிடமா?

கோர்ட்வாசல் எழுதியது:

ஆளை மாற்றி ஆளை அடிக்க வேண்டாம், இருவரும் ஒரே தட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டவர்கள். ஒன்று மட்டும். தம்பிக்கு வாரிசு உரிமை இருந்திருந்தாலும், வீடு தேவைக்கு மேல் பெரிது என்று அம்மா இறந்து ஆறு மாதத்துக்குப் பிறகு, 12 மாதத்துக்குள் கவுன்சில் வேறு சிறிய வீட்டுக்கு மாற்றக் கேட்டிருக்கலாம், வீட்டுச் சட்டத்தில் 15ஏ என்ற காரணத்தின் கீழ். வித்தியாசம் என்னவென்றால் அப்போது பொருத்தமான மாற்று வீடு கொடுக்க வேண்டும். இப்போது தெருவைக் காட்டினால் போதும். ‘ஒரு அறை போதும் என்று முதல் நாளே சொன்னேன்’ என்கிறீர்களே, அது எழுத்தில் இருக்கிறதா?

பழையவீடு எழுதியது:

எங்கள் சித்தியின் கதை இது. தாமதம் என்றால் என்ன என்று அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. வாடகை பாக்கி, ஆர்டர் வந்தது, சித்தி கடிதங்களைப் பிரிக்கவே இல்லை. பிரிஜ் மேல் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் எல்லாம் உறையோடு. பெயிலிஃப் (வெளியேற்ற வரும் கோர்ட் ஊழியர்) வரும் தேதி ஒட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும். நான் ஓடிப்போய் வெளியேற்றுவதை நிறுத்தக் கேட்டு என்244 படிவம் போட்டேன், மனித உரிமை, வயது, நெஞ்சு வருத்தம் எல்லாம் எழுதி. நீதிபதி நல்ல மனுசி, பொறுமையாகக் கேட்டா. ஆனால் இதை எல்லாம் ஆர்டர் போட்ட அன்று சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்வதற்கு என்ன விசேஷக் காரணம் என்று கேட்டா. எங்களிடம் பிஸ்கட் டின்தான் காரணம்.

பிறகு எனக்கு ஒரு வழக்கைக் காட்டினார்கள். ஜேஎல் என்று எழுத்து மட்டும் போட்டிருக்கும், பாதுகாப்பு அமைச்சுக்கு எதிராக, 2013. ஊனமுற்ற பெண், இராணுவக் குடியிருப்பு. அவவுக்கு ஆர்டர் போட்ட காலத்தில் பின்னொக் தீர்ப்பே வந்திருக்கவில்லை, ஆகவே அந்த வாதத்தை அப்போது சொல்லவே வழியில்லை. அதனால் வெளியேற்றும் கட்டத்திலும் சொல்லலாம் என்று அப்பீல் கோர்ட் ஒத்துக்கொண்டது. ஆனால் எடைபோட்டுப் பார்த்து, அவவுக்குக் கவுன்சில் வேறு வீடு தேடித் தர வழி இருக்கிறது, வெளியேற்றலாம் என்றுதான் முடித்தார்கள். மற்றவர்கள் முன்பே சொல்லியிருக்கக் கூடியதைக் கடைசியில் சொன்னால் அது கோர்ட்டைத் துர்ப்பிரயோகம் செய்வது மாதிரித்தான் பார்ப்பார்கள்.

சித்தி இப்போது எங்களோடு. டின் இன்னும் இருக்கிறது, ரசவடைக்குப் பருப்பு போட்டு வைத்திருக்கிறா.

டூட்டிங்காரன் எழுதியது:

இது எல்லாம் தனியார் வீட்டு உரிமையாளருக்கும் பொருந்துமா? மச்சான் ஒருவனுக்குக் கேட்கிறேன்.

கோர்ட்வாசல் எழுதியது:

பொருந்தாது அண்ணா. மக்டொனால்ட் எதிர் மக்டொனால்ட், 2016. மனநலம் குன்றிய மகளுக்காகப் பெற்றோரே கடன் வாங்கி வீடு வாங்கிக் கொடுத்தார்கள், தவணை தவறியது, வெளியேற்றச் சொன்னார்கள். தனியார் இருவருக்கு இடையில் ஆர்ட்டிகிள் 8ஐ வைத்து எடைபோட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் லாப நோக்கமற்ற அமைப்பு) என்றால் பொருந்தலாம், 2009இல் வீவர் வழக்கு.

சரி, நைட்ஷிப்ட் தம்பி, நான் நேற்று இரவு படுக்கையில் யோசித்தேன். எல்லோரும் ‘புது வாதத்தை எப்படிச் சேர்ப்பது’ என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அது உண்மையிலேயே புதுசா என்று யாரும் கேட்கவில்லை. வழக்கு வந்தபோது உங்களுக்கு என்11ஆர் என்று ஒரு பதில் படிவம் வந்திருக்கும். அதை நிரப்பினீர்களா? ஹியரிங் அன்று கடிதம் ஏதாவது கொடுத்தீர்களா? அந்த ஆறு நிமிடத்தில் வாயைத் திறந்து என்ன சொன்னீர்கள்?

நைட்ஷிப்ட்காரன் எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. படிவம் நிரப்பினேன். கடைசியில் ஒரு பெட்டி இருக்கும், உங்கள் நிலைமையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. இடம் போதாமல் பின்பக்கமும் எழுதி, ஏ4 தாள் ஒன்றும் பின்னால் குத்தினேன். ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன், இப்போதுதான் தேடி எடுத்தேன். வேலை முடிந்து வந்து காலை ஆறு மணிக்கு எழுதியது, எழுத்து கோழி கிளறினது போல இருக்கிறது. அம்மாவுக்கு எத்தனை மணிக்கு ஆம்புலன்ஸ் வரும், எத்தனை மணிக்குத் திரும்பும், நான் எப்போது தூங்குவேன் என்று ஒரு வாரத்தின் நேரத்தை அப்படியே எழுதியிருக்கிறேன். அம்மா போன பிறகு தூக்கமில்லை, ஜிபி மாத்திரை தந்திருக்கிறார், மாத்திரையின் பெயர் கூட. மகள் வருவது. கடைசி வரி: ‘இவ்வளவு செய்த என்னை நடுத்தெருவில் விடுவது நியாயமா, ஒரு அறை தந்தாலும் போதும்.’

ஆர்ட்டிகிள் என்ற சொல் எங்கேயும் இல்லை. நீதிபதி அதைப் பற்றி என்னமோ சொன்னார், எனக்குச் சரியாக நினைவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கோர்ட்வாசல் எழுதியது:

தம்பி, அந்தப் படத்தை இப்பவே, இந்த நிமிடமே சொலிசிட்டருக்கு அனுப்புங்கள். பிறகு வந்து மீதியை வாசியுங்கள்.

அனுப்பிவிட்டீர்களா? சரி. உங்கள் சொலிசிட்டருக்கு இந்தத் தாள் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், கவுன்சில் கட்டிய பண்டிலில் (கோர்ட்டுக்கான ஆவணக் கட்டில்) பின்னால் குத்திய தாள் விழுந்திருக்கும், நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பதில் படிவமே போடாதவர் கூட ஹியரிங்கில் கலந்துகொண்டு பேசலாம் என்று சிவில் நடைமுறை விதிகளின் 55ஆம் பகுதியில் இருக்கிறது, நீங்கள் படிவமும் போட்டு நிலைமையும் எழுதியிருக்கிறீர்கள். இனி வாதத்தின் முகமே மாறுகிறது. ‘புது வாதம் எடுக்க அனுமதி தாருங்கள்’ என்பது இரண்டாவது வரி. முதல் வரி இது: ‘வக்கீல் இல்லாத ஒருவர் தன் வீட்டையும் தன் நிலைமையையும் சொல்லி, வெளியேற்றுவது நியாயமா என்று எழுத்தில் கேட்டார். பெயர் சொல்லாவிட்டாலும் விஷயத்தை எழுப்பிவிட்டார். கீழ்க் கோர்ட் அதை எடைபோட்டுப் பார்க்கவே இல்லை.’ உண்மைகளும் புதுசு இல்லை, அன்றைக்கே கோர்ட் ஃபைலில் இருந்தவை.

கவுன்சில் வக்கீல் சும்மா இருக்கமாட்டார். வக்கீல் இல்லாதவர் என்பதற்காக விதியைத் தளர்த்த முடியாது என்று 2018 பார்ட்டன் எதிர் ரைட் ஹாசல் தீர்ப்பைக் காட்டுவார். அதற்கு எதிராக 2019 நாட்டிங் ஹில் ஃபைனான்ஸ் எதிர் ஷேக். சாட்சிகளை எல்லாம் விசாரித்து முடித்த பெரிய வழக்கில் புது வாதம் எடுப்பதும், சில நிமிடத்தில் சுருக்கமாக முடிந்த ஹியரிங்கில் இருந்து வருவதும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுடையது ஆறு நிமிடம்.

அடுத்தது, ஹியரிங்கின் எழுத்துப் பிரதி. எல்லாம் ரெக்கார்ட் ஆகும். இஎக்ஸ்107 படிவம் போட்டுக் காசு கட்டினால் தட்டச்சு செய்து தருவார்கள், அவசரம் என்றால் கூடுதல் காசு. அந்த நீதிபதி உங்கள் தாளைப் பற்றி என்ன சொன்னார் என்பதுதான் இப்போது எல்லாம். பார்த்தேன், எடைபோட்டேன், போதாது என்று சொல்லியிருந்தால் உங்கள் கதை கிட்டத்தட்ட முடிந்தது. பார்த்தேன், ஆனால் எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லியிருந்தால் அது பிழை, 2010க்குப் பிறகு அந்த அதிகாரம் இருக்கிறது.

சட்டமாணவன் எழுதியது:

அக்கா, பாரபட்ச வாதம் எடுக்கலாமா? அப்பா இறந்ததால் அம்மாவுக்குப் போனது வாரிசு மாற்றமாக எண்ணப்படுகிறது. அதே அப்பா அம்மாவை விவாகரத்து செய்து, கோர்ட் மூலம் வீட்டை அம்மா பெயருக்கு மாற்றியிருந்தால் எண்ணப்படாது. அப்போது அண்ணாவுக்கு வீடு கிடைத்திருக்கும்! இது ஆர்ட்டிகிள் 14, நீங்கள் சொன்ன மாதிரி வெறும் சட்டக் கேள்விதானே.

கோர்ட்வாசல் எழுதியது:

அருமையாக யோசித்திருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு முன்பே ஒருவர் யோசித்து அப்பீல் கோர்ட் வரை போய்த் தோற்றுவிட்டார். சிமாவி எதிர் ஹாரிங்கே, 2019. இதே வாதம், ஏறக்குறைய இதே குடும்பக் கதை. கவுன்டி கோர்ட்டில் அதை மீறிப் போக முடியாது. ஒரு சட்டம் உரிமைக்கு முரண் என்று அறிவிக்கும் அதிகாரமும் ஹைகோர்ட்டுக்கும் அதற்கு மேலேயும்தான். தம்பியின் 19 நாளை இதில் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

சமத்துவச் சட்டத்தையும் யாராவது கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 2015 ஏக்கர்மன்-லிவிங்ஸ்டன் தீர்ப்புப்படி ஊனத்தை வைத்து எடுக்கும் எதிர்வாதம் ஆர்ட்டிகிள் 8ஐ விடப் பலமானது, நிரூபிக்கும் பாரம் வீட்டுக்காரர் பக்கம் போகும், சுருக்கமாகத் தள்ளுவதும் அரிது. ஆனால் வெளியேற்றும் காரணம் ஊனத்தில் இருந்து கிளைத்ததாக இருக்க வேண்டும். தம்பியை வெளியேற்றுவது வாரிசு உரிமை இல்லை என்பதற்காக, மன அழுத்தத்துக்காக இல்லை. ஒட்டாது.

பழையவீடு எழுதியது:

தோற்றால் ஸ்ட்ராஸ்பர்க் போகலாம்தானே?

கோர்ட்வாசல் எழுதியது:

போகலாம், ஆனால் அங்கே முதல் கேள்வி ‘உங்கள் நாட்டுக் கோர்ட்டில் இதைச் சொன்னீர்களா’ என்பதுதான். அதற்காகவே தோற்பது தெரிந்தாலும் பதிவில் ஏற்றி வைப்பார்கள். கடைசித் தீர்ப்பில் இருந்து நான்கு மாதம், முன்பு ஆறு மாதமாக இருந்தது, 2022 பெப்ரவரியில் குறைத்துவிட்டார்கள். இன்னொன்று, அப்பீல் போட்டதால் மட்டும் வெளியேற்றுவது நிற்காது, தடை தனியாகக் கேட்க வேண்டும். தம்பி, அது கேட்டிருக்கிறதா?

நைட்ஷிப்ட்காரன் எழுதியது:

தடை இருக்கிறது அக்கா, ஹியரிங் வரை.

எழுத்துப் பிரதி இன்று வந்தது. மொத்தம் மூன்று பக்கம், அதில் பாதிப் பக்கம் தலைப்பு. என் வாழ்க்கையின் அந்தக் காலை இவ்வளவுதானா என்று இருந்தது. நான் பேசியது நான்கு வரி, அதில் இரண்டு ‘யெஸ் சார்’. நடுவில் நீதிபதி சொல்கிறார், என் குறிப்பைப் படித்தாராம், தாயைப் பார்த்துக்கொண்டதைப் பாராட்டுகிறாராம், எனக்காக மிகவும் வருந்துகிறாராம், ஆனால் சட்டப்படி வாரிசு உரிமை இல்லாததால் ஆர்டர் போடுவதைத் தவிரத் தனக்கு வேறு வழியே இல்லையாம். பிறகு 14 நாளா ஆறு வாரமா என்று கேட்டு ஆறு வாரம் தந்திருக்கிறார்.

சொலிசிட்டர் அந்த வரியின் கீழ் மஞ்சள் கோடு போட்டு, என் தாளோடு சேர்த்துக் கவுன்சில் வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறா. வென்றாலும் வழக்குத் திரும்பக் கீழ்க் கோர்ட்டுக்குப் போகும், அங்கே எடைபோட்டுத் தோற்கவும் கூடும், தரொக் வழக்கை மறக்காதீர்கள் என்று எனக்குச் சொன்னா. நீங்கள் சொன்னதுதான்.

சட்டமாணவன் எழுதியது:

‘வேறு வழியே இல்லை’ என்று அவரே சொல்லிவிட்டாரே! அண்ணா, இது பொன் வரி.

நைட்ஷிப்ட்காரன் எழுதியது:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். கவுன்சிலில் இருந்து ஒரு கடிதம், இந்த முறை அனுதாபப் பத்தி இல்லை. அப்பீலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு எட்டு வாரத்தில் சாவியைக் கொடுத்தால், கவுன்சிலின் தனி விருப்புரிமையில் ஒரு அறை வீடு, நான்காவது மாடி. நேற்றுப் போய்ப் பார்த்தேன். லிஃப்ட் வேலை செய்கிறது. சமையலறை அம்மாவின் கிரைண்டரை வைத்தால் நான் நிற்க இடமில்லாத அளவு. மகள் ஹாலில்தான் படுக்க வேண்டும், அவளுக்கு அதில் பிரச்சினை இல்லையாம், பால்கனி பிடித்திருக்கிறது.

ஒத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஒரே கேள்வி, அப்பீலைத் திரும்பப் பெற்றால் அவர்கள் வக்கீல் செலவு என் தலையில் விழுமா? அனுப்பிய வரைவில் செலவைப் பற்றி ஒன்றுமே இல்லை.

கோர்ட்வாசல் எழுதியது:

கையெழுத்துப் போட வேண்டாம். திரும்பப் பெறுபவர்தான் பொதுவாகச் செலவு கட்ட வேண்டியவர், வரைவில் இல்லை என்றால் பிறகு கேட்கலாம். இருவர் செலவும் அவரவருடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்கள் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு அறை வீட்டின் விலாசம், எந்த வகை டெனன்சி (வாடகை உரிமை), தொடங்கும் தேதி மூன்றும் ஆர்டரிலேயே வர வேண்டும், தனிக் கடிதத்தில் வேண்டாம். எட்டு வாரம் அந்த வீடு தயாராகும் நாளில் இருந்து என்றும் போடச் சொல்லுங்கள். பில்லில் பயன்படுத்தியதற்கான கட்டணம் பாக்கி இருக்கிறதா?

காத்திருப்புப்பட்டியல் எழுதியது:

அண்ணா, நல்லது நடந்ததில் சந்தோசம். கேட்கக் கூடாது, ஆனால் கேட்கிறேன். உங்கள் வீட்டில் மூன்றாவது அறையில் மேசை போடும் அளவுக்கு இடம் இருக்கா?

நைட்ஷிப்ட்காரன் எழுதியது:

இருக்கு அக்கா. ஜன்னல் பக்கம். நான் ஏ லெவல் படித்ததும் அங்கேதான். பாக்கி இல்லை, கோர்ட்வாசல் அக்கா, ஒரு மாதம் கூட விடவில்லை.